பன்னிரண்டு நிமிடத் துடிப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

என் நட்சத்திரம் துடிக்கிறது! இதை எழுதும்போதே சமையலறையிலிருந்து மனைவி சாந்தாமணி காஸ் புக் பண்ணச் சொல்லிக் கத்துகிறாள். பண்ணுகிறேன் தாயே, ஒரு நிமிடம்.

யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு சோகைப் புள்ளி அது. வேறெதையோ பார்க்கப் போன ஊடொளித் தொலைநோக்கியின் பார்வையில் ஓரமாக விழுந்திருக்கிறது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி, மறுபடி பிரகாசிக்கிறது. செத்த நட்சத்திரம் ஒன்று அவ்வளவு நிதானமாகச் சுற்றுகிறது என்றால் அது அபூர்வம். எக்ஸ் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால் ஊடொளியை வானத்துக்கு மேலே சுற்ற விட்டிருக்கிறோம். பல நாடுகள் சேர்ந்து செய்த தொலைநோக்கி. அது எதை எப்போது பார்க்க வேண்டும் என்று திட்டமிடுவது கோவையில் எங்கள் மையம். நான் இங்கே முதல் நாளிலிருந்து இருக்கிறேன்.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூத்துக்குடிப் பெண், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் என் குழுவில் இருக்கிறாள். நன்றாகப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு சார். தொலைநோக்கி ஆடுற நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்துட்டியளா?" என்றாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஊடொளி ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பதில்லை. கதிர் ஒரே புள்ளியில் விழுந்துகொண்டே இருந்தால் அதைப் பதிவு செய்யும் தகடு கெட்டுவிடும் என்று வேண்டுமென்றே மெல்ல ஆட்டுகிறோம், தொட்டில் ஆட்டுவதுபோல. தகடுகளுக்கு நடுவே ஒரு குருட்டுப் பட்டை உண்டு. ஆட்டத்தில் நட்சத்திரம் அந்தப் பட்டைக்குள் போய்ப் போய் வந்தால் துடிப்பதுபோலவே தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம். சொல்லித் தருகிறவனே நான்தான்.

"அந்த ஆட்டத்துக்கு நேரம் குறிச்சதே நான்தாம்மா. பதினாறு நிமிஷம். இது பன்னெண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றேன்.

"சரி சார்" என்று சிரித்தாள்.

பிப்ரவரி 4

காஸ் வந்தது. நட்சத்திரம் இன்னமும் துடிக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

உலகத்து வானியலாளர்களுக்கெல்லாம் அறிவிப்பு போய்விட்டது. முதல் பெயர் நாச்சிமுத்து. இரண்டாவது ஜெசிந்தா. "நான் ஒண்ணுமே செய்யலையே சார்" என்று மறுத்தாள். இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். மனுஷனுக்குப் பெருந்தன்மை வேண்டாமா?

இயக்குநர் தமயந்தி மேடம் அறைக்கே வந்து கைகுலுக்கினார். சேர்ந்த நாளிலிருந்து அவர் என் அறைக்கு வந்ததில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மைத்துனன் குழந்தைவேல் காங்கேயம் பஸ் நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் வைத்திருக்கிறான். நான் கோட்டு சூட்டில் சிரிக்கிறேன். கோட்டும் சூட்டும் என்னுடையவை அல்ல. எனக்குப் பின்னால் சனிக்கிரகம், வளையத்தோடு. "டேய், எனக்கும் சனிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று போனில் கேட்டேன். "மாமா, பாக்கறதுக்கு எடுப்பா இருக்குதுல்ல, விடுங்க" என்றான்.

சாயங்காலம் பெரியப்பா முழங்கால் எக்ஸ்ரே படத்தோடு வந்துவிட்டார். நான் அந்த எக்ஸ்ரே ஆள் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்று சொல்லி அனுப்பினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்வானேன், பிளெக்ஸ் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி நான்கைந்து தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நட்சத்திரத்தை மறுபடி நீண்ட நேரம் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அவசர நேரம் கேட்டிருந்தேன். கிடைத்தது. கிடைத்தது ஜெசிந்தாவின் நேரம்.

அவள் பார்க்க இருந்தது என்னவென்று எழுதிவிடுகிறேன். தொலைவில் ஒரு கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்துத் தின்றுகொண்டிருக்கிறது. தின்னும்போது எழும் ஒளி மார்கழியில் தெரிய ஆரம்பித்தது, நாளுக்கு நாள் மங்கி வருகிறது. 19ஆம் தேதி ஊடொளி அதைப் பார்ப்பதாக இருந்தது. அதற்குப் பிறகு சூரியன் அந்தப் பக்கம் வந்துவிடும். சூரியனுக்குப் பக்கத்தில் ஊடொளி திரும்பக் கூடாது, கண் போய்விடும். மறுபடி பார்க்கப் புரட்டாசி ஆகும், அதற்குள் அணைந்துவிடும். ஜூனில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. இந்த ஒரு வேலையைக் காட்டித்தான் நீட்டிப்புக் கேட்க இருந்தாள்.

"உங்க குழுப் பொண்ணுதானே, நீங்களே பேசிடுங்க" என்றார் மேடம்.

பேசினேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"உங்க நட்சத்திரம் ஏப்ரல்லயும் அங்கதான சார் இருக்கும்?"

"இருக்கும்மா. ஆனா வேற நாட்டுக் குழு ஒண்ணும் அதுக்கு நேரம் கேட்டிருக்கு. நாம முந்திக்கணும்ல? உனக்கு அடுத்த சுத்துல நான் வாங்கித் தர்றேன்."

அவளுக்கு அடுத்த சுற்று என்று ஒன்று இல்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "சரி சார். இது பெரிய விஷயம்லா" என்றாள். கேன்டீனில் இருவருக்கும் நானே போய் டீ வாங்கி வந்தேன். அவள் குடிக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

தலைவலி. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். ஏன் என்று சாந்தாமணி கேட்டாள், வெயில் என்றேன். பிப்ரவரியில் கோவையில் என்ன வெயில்?

பழைய மெயில் ஒன்று கண்ணில் பட்டது. போன வருஷம் தொலைநோக்கியைத் திருப்புகிற சுழலி ஒன்று பழுதானபோது ஊடொளியின் ஆட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். சம்மதம் கேட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். படிக்காமலே சம்மதம் என்று பதில் போட்டிருக்கிறேன். புது நேரம் பன்னிரண்டு நிமிடத்தை ஒட்டி.

ஒட்டி இருப்பதெல்லாம் அதுவாகிவிடாது. உலகத்தில் பன்னிரண்டு நிமிடம் எடுக்கிற காரியம் எத்தனையோ இருக்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

பட்டைக்குப் பக்கத்தில் விழுந்த கதிர்களை மட்டும் தள்ளிவிட்டுத் தரவை மறுபடி ஓட்டினால் தெரிந்துவிடும். சின்ன வேலை. லீவு போட்டுவிட்டு வீட்டில் மின்விசிறிகளைத் துடைத்தேன். எல்லா அறையிலும். சாந்தாமணி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, பொங்கலுக்குத் துடைங்கன்னு கால்ல விழாத குறையாச் சொன்னப்ப வராத புத்தி இப்ப எங்கிருந்து வந்துது?" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் 19ஆம் தேதி எப்படியும் தெரிந்துவிடப் போகிறது. அறிவியல் என்றால் அதுதான், மறுபடி பார்ப்பது. அதற்குள் குதிப்பானேன்? அரைகுறையாகச் சந்தேகத்தைக் கிளப்பி எல்லாரையும் குழப்புவது பொறுப்பான காரியமா? இல்லை.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நல்ல வக்கீலாக வந்திருப்பேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மையத்தில் பாராட்டு விழா. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தன மாலை, ஷால், வெண்கலக் குத்துவிளக்கு. சாந்தாமணி பட்டுச் சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வாழ்த்துரைக்கு ஜெசிந்தாவை ஏற்றினார்கள். கையில் தாள் இல்லாமல் பேசினாள். "நான் இங்க வந்தப்ப எனக்கு யாரையும் தெரியாது. ஒரு சின்னக் கோடு விலகுனாக்கூட ஏன்னு கேட்காம விடக்கூடாதுன்னு சார்ட்டதான் படிச்சேன். என் நேரம் போனதுல எனக்கு வருத்தம் இல்ல. சாரோட கண்டுபிடிப்புக்குப் போச்சுன்னு எங்க வீட்டுல பெருமையாச் சொல்லுவேன்" என்றாள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஷாலுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த மேடையில் ஒரு பள்ளம் விழுந்து நான் உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

19ஆம் தேதிக்கான கட்டளைகள் இன்று ஐந்து மணிக்கு ஊடொளிக்கு ஏறிவிடும். அதுவரை மாற்றலாம். ஒரு போன் போதும்.

மதியம் மேடம் அறைக்குப் போனேன். "சொல்லுங்க நாச்சிமுத்து" என்றார். கேன்டீன் காபியில் சிக்கரி அதிகமாகிவிட்டது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பார்க்கச் சொல்கிறேன் என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

படிக்கட்டில் ஜெசிந்தா எதிரே வந்தாள். "சார், இந்தத் தடவை நட்சத்திரத்தத் தகட்டுக்கு நடுவுல வச்சுப் பாப்போமா? பட்டை பக்கமே வராது. யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றாள். என் கண்டுபிடிப்பைக் காப்பாற்ற யோசனை சொல்கிறாள். வை என்றேன்.

ஐந்து மணி ஆயிற்று. மேசையில் இருந்தேன். போனும் மேசையில்தான் இருந்தது.

பிப்ரவரி 19

ஊடொளி பார்த்துக்கொண்டிருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் இன்று வரவில்லை.

பிப்ரவரி 21, சனி

தரவு இறங்கியது. நட்சத்திரம் ஆடவில்லை, அசையவில்லை. காற்றில்லாத அறையில் வைத்த அகல் மாதிரி ஒரே சீராக எரிகிறது. துடிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

லீவு நாள் என்றாலும் ஜெசிந்தா வந்திருந்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு போய் ஆட்டத்தின் நேரத்தைத் தேடி எடுத்து வந்தாள். பன்னிரண்டு நிமிடம். "போன வருஷம் மாத்திருக்காங்க சார். நமக்கு யாருமே சொல்லலையே" என்றாள்.



என் முகம் எப்படி இருந்ததோ, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "விடுங்க சார். எல்லாருக்கும் நடக்கும். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியளா?"

"தெரியாதும்மா" என்றேன்.

இந்தப் பொய்யையும் எழுதிவிட்டேன். இந்த நோட்டில் ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும் என்று எழுதினேன். எனக்கு 12ஆம் தேதியே தெரியும். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவள் நேரம் அவளுக்கே திரும்பியிருக்கும். சொல்லவில்லை. பிளெக்ஸ் இருக்கிறது, ஷால் வரப்போகிறது, மைத்துனன் சிரிப்பான். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தவறுக்கு வருந்துகிறோம் என்று நான்கு வரி. அதற்கும் பாராட்டு! தவறை ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் செருப்படி. யாராவது நன்றாகத் திட்டினால் நிம்மதியாக இருக்கும். அலுவலகத்தில் ஒருவரும் திட்ட மாட்டேன் என்கிறார்கள்.

குழந்தைவேலிடம் பிளெக்ஸைக் கழற்றச் சொன்னேன். "மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும் மாமா, அங்க எவனுக்கு இதெல்லாம் தெரியப்போகுது" என்கிறான்.

பிப்ரவரி 26, வியாழன்

விசாரணைக் குழு. மூன்று பேர், மேடம் தலைமை. ஆட்டத்தை ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்டார்கள். பழைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன் என்றேன். "உங்க ரெண்டு பேர்ல யாருக்குமே சந்தேகம் வரலையா?" என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார்.

முதல் நாளே அவள் கேட்டாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் எப்போது பார்த்தீர்கள், எப்போது தெரிந்தது என்று போகும். "கவனக்குறைவுதான்" என்றேன். யாருடைய கவனக்குறைவு என்று சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

மார்ச் 2, திங்கள்

ஜெசிந்தாவின் நீட்டிப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அறிவிப்பில் இரண்டாவது பெயர் அவளுடையது, அடிப்படைச் சோதனையைக்கூடச் செய்யாதவர் என்று பேச்சு வந்திருக்கிறது. நான் பெருந்தன்மையாகச் சேர்த்த பெயர்.

வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அதையும் எழுதி வைக்கிறேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ள நம்ம வீட்ல உக்காந்து சோறு தின்னுருக்குது. வாய் நிறைய சார் சாருன்னு சொல்லுது. உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துது?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு? எந்தம்பி வெச்ச அட்டைக்கா?" முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "நாளைக்குப் போயி முழுசாச் சொல்லுங்க. பாதியச் சொல்லிப் போட்டு வந்தீங்கன்னா மீதிய நாம்போய்ச் சொல்லுவேன். நான் சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும்.  தட்டை நானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மேடம் அறைக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொல்லி முடித்தேன். முதல் நாளே ஜெசிந்தா கேட்டது, நான் இளப்பமாகப் பதில் சொன்னது, 12ஆம் தேதி மெயிலைப் பார்த்தது, 17ஆம் தேதி இதே அறையில் நின்றுகொண்டு காபியைப் பற்றிப் பேசியது.

 "நேத்து அவ இங்க வந்தா தெரியுமா?" என்றார் மேடம். "தன் நீட்டிப்பு பத்திப் பேச வந்திருக்கான்னு நினைச்சேன். உங்களைப் பத்திப் பேசினா. சார் ரொம்ப ஒடைஞ்சு போயிருக்காரு, திட்டக் குழுவுல இருந்து அவர எடுத்துடாதீங்க, தெரிஞ்சே ஒருத்தர் நேரத்த வீணாக்குற ஆளில்லன்னா."

 அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

"அவ நீட்டிப்ப நான் பாத்துக்கறேன். இனிமே அதுக்குத் தடை இருக்காது. நீங்க திட்டக் குழுவுல இருக்க மாட்டீங்க. மத்தது கமிட்டி முடிவு பண்ணும்" என்றார். "ஆனா நாச்சிமுத்து, இத அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

ஜெசிந்தா தன் மேசையில் இருந்தாள். திரையில் அவளுடைய கருந்துளையின் பழைய படம், தைப் பொங்கலை ஒட்டி வேறொரு தொலைநோக்கி எடுத்தது, ஒரு நகக்கண் அளவு வெளிச்சம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொன்னேன். நீட்டிப்பு கிடைத்துவிடும் என்று முதலில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அதைச் சொல்லாமல் நேராக ஆரம்பித்திருக்க வேண்டும்.

பிறகு சொன்னேன்.

 அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"எந்தத் தேதி சார் அந்த மெயிலப் பாத்திய?"

"பன்னெண்டு."

மனசுக்குள் எதையோ கணக்குப் பார்த்தாள். 19ஆம் தேதிக்கு எத்தனை நாள் இருந்தது என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"விழா பதினாறாந்தேதி" என்றாள். "அப்ப நான் மேடையில பேசுறப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"நான் வீட்டுக்குப் போன் போட்டு அப்படியே சட்டைப் பையில வச்சிருந்தேன் சார். எங்கம்மா தூத்துக்குடியில இருந்து கேட்டுட்டு இருந்தாங்க. பக்கத்து வீட்டு ஆளுகளயும் கூப்பிட்டு ஒக்கார வச்சிருந்தாங்க."

 மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே அந்த நேரம் மறந்துவிட்டது. இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது, நான் கேட்கவே இல்லை.

திரையை அணைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எங்கம்மா தெனமும் சாப்பாட்டு நேரத்துல கேப்பாங்க, சார் எப்படி இருக்காருன்னு" என்றாள். "இன்னைக்கும் கேப்பாங்க."

கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்திவிட்டுப் போனாள்.